ஆண்டிமடம் போய் மிஸியின் பெட்டியைத் தூக்கி வந்தேன்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நாலு பிள்ளை, வளர்த்தது ஏழு. ஏழு பேரும் இன்று உயிரோடு இருக்கிறார்கள், ஏழு பேரும் தங்கள் சோற்றைத் தாங்களே உழைத்துச் சாப்பிடுகிறார்கள். இதை முதலில் எழுதுவது பெருமைக்காகத்தான், வேறு காரணம் இல்லை.

எங்கள் கரையிலிருந்து கிளம்பி இன்று கனடாவிலும் லண்டனிலும் திருச்சியிலும் இருக்கிற பிள்ளைகள் போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சம்மாட்டியாரின் கால் என்ன ஆனது, மிஸி பெரம்பலூருக்கு வந்தாராமே, உண்மையா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல என் தொண்டைக்குத் தெம்பில்லை. அதனால் போனது வந்தது எல்லாம் எழுதுகிறேன். எழுத்துப் பிழையைப் பேத்தி தர்சினி பார்த்துக்கொள்வாள்.

உங்கள் பிள்ளைகளுக்கு இவர்கள் யாரென்று தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

சம்மாட்டி என்றால் எங்கள் பக்கத்தில் வள்ளமும் வலையும் வைத்திருக்கிறவர். எங்கள் சம்மாட்டியார் மீனவர் சங்கத்துக்கும் தலைவர். அவர் கடலைப் பார்த்துக் கையை அசைத்தால்தான் வள்ளம் இறங்கும். மிஸி என்றால் நர்ஸ். ஊர் ஆசுபத்திரிக்கு டாக்டர் எப்போதாவது வருவார், மற்ற நாளெல்லாம் ராசம் மிஸிதான் டாக்டர். கரையில் மீன் பங்கு பிரிக்கும்போது சம்மாட்டியார் முதலில் ஒரு நல்ல மீனை எடுத்துத் தனியே வைப்பார். அதற்கு மிஸி பங்கு என்று பெயர்.

மிஸியைப் பிள்ளைப்பேற்றுக்குக் கூப்பிட எங்களிடம் ஒரு முறை இருந்தது. போகிறவர் வாய் திறக்கக் கூடாது. யாருக்கு வலி, எந்த வீடு என்று சொன்னால் கண்ணூறு பட்டுவிடும். மிஸியின் பச்சைத் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். மிஸி பின்னால் வருவார். வீட்டு வாசலை மிதித்த பிறகுதான் பேச்சு. என் மூன்றாவது மகன் குமரன் ஐந்து வயதில் விளையாட்டுக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவர, மிஸி உச்சி வெயிலில் எங்கள் வீடு வரை வந்து, "ஆருக்கு நோ?" என்று கேட்டது இன்றும் நினைவிருக்கிறது. நான் வெட்கத்தில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

சண்டை எங்கள் கரைக்கு வந்தபோது தலைவர்கள் என்று பலர் இருந்தார்கள். அவர்களின் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்களுக்குச் சோறும் வழியும் காட்டியவர்கள் இந்த இரண்டு பேர்தான். சம்மாட்டியார் எங்கே பதுங்க, எப்போது ஓட என்று சொன்னார். மிஸி பள்ளிக்கூடத்தை ஆசுபத்திரியாக்கிக் காயக்காரரைக் கிடத்தினார். கடைசியில் ஒரு நாள் சம்மாட்டியார் இன்று பொழுது சாயக் கிளம்புகிறோம் என்றார். நாளைக்கென்றால் கரை அடைபட்டுவிடும். மிஸி இன்னும் ஒரு நாள் கேட்டார். பள்ளிக்கூடத்தில் எழும்ப முடியாதவர்கள் கிடந்தார்கள், ஒருத்திக்கு இடுப்புவலி கண்டிருந்தது. இரண்டு பேரும் கரையில் நின்று சத்தம் போட்டார்கள். பிறகு வள்ளம் போனது. மிஸி நின்றார்.

நான் வள்ளத்தில் இருந்தேன். என் பிள்ளைகள் மூன்று பேரும், தாய் வந்து சேராத மூன்று பிள்ளைகளும் என் மடியில். குமரன் காய்ச்சலோடு மிஸியிடம். "இவனைக் கடலில ஏத்தினா சாவான், என்னட்டை விடு" என்று மிஸி சொன்னார், விட்டேன். எட்டு மாதம் கழித்து வேறொரு வள்ளத்தில் அவனைக் கொண்டுவந்து, பெரம்பலூர் அகதி முகாம் வாசலில் என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே கால் வைக்காமல் வேறு முகாமுக்குப் போய்விட்டார். உள்ளே முகாம் தலைவராக இருந்தது சம்மாட்டியார். அதோடு முப்பத்தைந்து வருடம் இரண்டு பேரும் ஒரு சொல் பேசவில்லை.

அவர் வள்ளத்தை எடுத்ததால் நாங்கள் இருக்கிறோம். மிஸி நின்றதால் என் மகன் இருக்கிறான். நான் யார் பக்கம் பேச?

சித்திரை பிறந்ததும் சம்மாட்டியாருக்குக் கால் விரல் இரண்டு கறுத்துப் போனது. சர்க்கரை. எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் காலே போகும், திங்கட்கிழமை காலையில் கூட்டி வாருங்கள் என்று பெரியாசுபத்திரியில் சொல்லிவிட்டார்கள். மனுசன் மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"பூரணம், இஞ்ச வா. மிஸி வந்து பாத்து, வெட்டத்தான் வேணும் எண்டு சொன்னா வெட்டட்டும். வேற ஆர் சொன்னாலும் குடுக்க மாட்டன்."

"அப்ப மிஸிக்குப் போன் போடுவம்."

"போடாதை. நான் கேட்டதெண்டு ஒரு சொல் அவவின்ர காதில விழக்கூடாது. தானா வந்தா வரட்டும்."

"தானா வாறதுக்கு அவவுக்கென்ன சாத்திரமோ தெரியும்?"

"அது உன்ர பாடு."

காலைத் தொட்டுச் சத்தியம் பண்ணு என்றார். அந்தக் காலைத் தொட மாட்டேன், என் வாய்ச்சொல் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்ன சொல்லை நான் மாற்றுகிறவள் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை, காலை ஆறு மணி. குமரன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு ஓசூர்ப் பக்கம் போயிருந்தான். தனியாகத்தான் கிளம்பினேன். கையில் ஒரு பை. பையில் மாற்றுச் சேலை, தண்ணீர்ப் போத்தல், மிஸிக்குப் பிடிக்கும் என்று வறுத்த இடியப்ப மா ஒரு கிலோ. முகாமிலிருந்து பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ பதினைந்து ரூபாய். அரியலூர் பஸ் தயாராக நின்றது. டிக்கெட் இருபத்தைந்து ரூபாய், ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்.

பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்தார். காலடியில் சின்ன வெங்காயம் ஒரு சாக்கு. நான் கண்டக்டரிடம் பேசியதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எந்த ஊரு ஆத்தா நீங்க? பேச்சு ஒரு தினுசா இருக்கே. மலையாளமா?"

"பெரம்பலூர்."

"பெரம்பலூர்ல ஏது இந்தப் பேச்சு?"

"பேச்சு கடலுக்கு அங்கால இருந்து வந்தது. ஆள் பெரம்பலூர்தான். முப்பத்தைஞ்சு வருசம்."

"அட, சிலோனா! நான் கல்யாணம் ஆயி வந்தே இருவத்தெட்டு வருசந்தான் ஆவுது. அப்ப என்னைய விட நீங்கதான் இந்த ஊருக்காரவுங்க" என்று சிரித்தார். பேரளி தாண்டும் வரை வெங்காய விலையைத் திட்டிக்கொண்டு வந்தார். இறங்கும்போது, வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, இரண்டு கை வெங்காயத்தை என் பையில் போட்டுவிட்டுப் போனார்.

ஏழேகாலுக்கு அரியலூர். தேத்தண்ணி பன்னிரண்டு ரூபாய், சீனி மட்டும் தாராளம். அங்கிருந்து ஜெயங்கொண்டம் பஸ், இருபத்தெட்டு ரூபாய். இந்தப் பாதையில் போகாதவர்களுக்குச் சொல்கிறேன். அரியலூரைத் தாண்டினால் ரோட்டோரத்து மரங்களின் இலையெல்லாம் வெள்ளை. சிமெண்டுக் கல் ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போகும். பூமியைத் தோண்டித் தோண்டி, இந்த ஊருக்கு இல்லாத கடலுக்கு இடம் பண்ணுகிற மாதிரி பெரிய பெரிய குழிகள். வி.கைகாட்டி, உடையார்பாளையம் என்று பஸ் நின்று நின்று போனது. ஜெயங்கொண்டத்தில் டவுன் பஸ். அதில் பெண்களுக்குக் காசு இல்லை, சீட்டு மட்டும் கிழித்துக் கொடுப்பார்கள். ஆண்டிமடம் நெருங்கும்போது மண் சிவந்துவிட்டது. இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. பழுத்த முந்திரிப் பழங்கள் கீழே கொட்டிக் கிடந்தன. கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்த வாசம் பஸ்ஸுக்குள் வந்து தலையைக் கிறுகிறுக்க வைத்தது.

ஆண்டிமடத்திலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே. ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். "சிலோன் டாக்டரம்மா வூடுங்களா?" என்று டிரைவர் தம்பியே கேட்டு, வாசலில் இறக்கிவிட்டார். மணி பத்து இருக்கும்.

மிஸி பலா மரத்து நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். எண்பது வயது. ஒரு கண் அரைவாசிதான் தெரியும். எதிரே இரண்டு பெண்கள் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்கள். அந்த ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். மிஸி மருந்து தடவிக்கொண்டே ஏசிக்கொண்டிருந்தார். காலடியில் அந்தப் பச்சைத் தகரப் பெட்டி. மூலையெல்லாம் துரு, பூட்டு இருந்த இடத்தில் கயிறு.

"மிஸி" என்றேன்.

தலையைத் தூக்கவில்லை. "ஆர், பூரணமோ? நீ இன்னும் சாகேல்லையோ?"

"உங்களை ஒருக்காப் பாத்துப்போட்டுச் சாவம் எண்டுதான் வந்தனான்."

"அப்ப இரு. இதுகளை அனுப்பிப்போட்டுச் சாவம்."

வீட்டுக்குள்ளிருந்து செல்வி ஓடிவந்து, "மாமி!" என்று கட்டிப்பிடித்தாள். செல்வியை உங்களுக்குத் தெரிந்திருக்காது. அன்று பள்ளிக்கூடத்தில் இடுப்புவலி கண்டிருந்தவளின் பிள்ளை இவள். வள்ளம் போன பிறகு பிறந்தாள், தாய் தங்கவில்லை. மிஸி கலியாணம் கட்டாமலே தாயானார். செல்வி பெரியவளாகி, திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்தபோது இந்த ஊர் கொளஞ்சியை விரும்பிக் கலியாணம் முடித்தாள். அவருக்கு இங்கே மூன்று ஏக்கர் முந்திரி.

"வாங்க பெரியம்மா, இந்த வெயில்லயா வருவீங்க? ஒரு போன் அடிச்சிருந்தா வண்டி எடுத்துட்டு வந்திருப்பேன்ல" என்று கொளஞ்சி மோர் கொண்டுவந்தார். "எங்க அத்தை மருந்து போடுறதுக்குக் காசு வாங்குனா நான் தோப்ப வித்துட்டு ஒக்காந்து சாப்புடுவேன். ஒத்த ரூவா வாங்க மாட்டேங்குறாங்க."

"உனக்கு இப்பவும் உக்காந்துதானே சாப்பாடு" என்றார் மிஸி.

"கேட்டீங்களா பெரியம்மா? நாப்பது மரம் இன்னிக்கி நான்தான் பொறுக்குனேன்."

மத்தியானம் சோறும் பலாக்கொட்டைக் குழம்பும். சாப்பிட்டு முடிக்கும் வரை நான் வந்த விசயத்தைத் தொடவில்லை. மிஸியும் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு அவரே தொடங்கினார்.

"ஒண்டுமில்லாமல் நீ நாலு வண்டி மாறி வரமாட்டாய். ஆருக்கு என்ன?"

"சம்மாட்டியாருக்குக் கால் சரியில்லை. ரெண்டு விரல் கறுத்துப்போச்சு. திங்கக்கிழமை கூட்டி வரச் சொல்லிட்டினம். மாட்டன் எண்டு கிடக்கிறார்."

மிஸியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேள்விகள் மட்டும் வந்தன. நாற்றம் உண்டா, கறுப்பு எதுவரை ஏறியிருக்கிறது, காய்ச்சல் அடிக்கிறதா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"வெட்டத்தான் வேணும்" என்றார்.

"நீங்கள் வந்து சொன்னால் கேப்பார்."

"அவர் கூப்பிட்டவரோ?"

நான் மோர்ச் செம்பைப் பார்த்தேன்.

"பூரணம், உன்னட்டைத்தான் கேக்கிறன். கூப்பிட்டவரோ, இல்லையோ?"

கூப்பிட்டார் என்றால் என் வாக்குப் போகும். இல்லை என்றால் பொய். "கால் சரியில்லை மிஸி" என்று மறுபடி சொன்னேன்.

"அப்ப நான் வரமாட்டன். கூப்பிடாத வீட்டு வாசலை மிஸி மிதிச்சதில்லை. அங்கையும் இல்லை, இஞ்சயும் இல்லை. அது உனக்குத் தெரியும்."

செல்வி, "போயிட்டு வாங்கம்மா" என்று கெஞ்சிப் பார்த்தாள். கொளஞ்சி, "நான் வேணா கார் புடிக்கிறேன் அத்தை" என்றார். மிஸி கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். அது கதவைச் சாத்தின மாதிரி. எனக்குத் தெரிந்த மிஸி அதற்கு மேல் அசையமாட்டார்.

ஒரு மணி ஆகிவிட்டது. இரண்டு மணி ஆட்டோவை விட்டால் அன்றைக்கு ஊர் திரும்ப முடியாது. நான் எழுந்து முகம் கழுவப் போனேன். திரும்பி வரும்போது பலா மரத்தடியில் பெட்டி தனியாக இருந்தது.

யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். கை போய்விட்டது. என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பெட்டியைத் தூக்கி, வாசலைத் தாண்டி நடந்தேன்.

"பெரியம்மா! அது அத்தை பொட்டி!" என்று கொளஞ்சி கத்தினார். நான் வாய் திறக்கவில்லை.

முந்திரித் தோப்பு வழியாக ரோட்டுக்குப் போகிற மண்பாதை. பெட்டி கனத்தது. பழங்கள் காலில் வழுக்கின. திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் சத்தமே இல்லை. மிஸி வராவிட்டால் என்ன செய்வேன்? ஒரு கிழவியின் மருந்துப் பெட்டியைத் திருடிக்கொண்டு போகிறவள் என்று ஊர் சொல்லும். குமரனின் தாய், இந்த வயதில். ரோடு தெரிகிற வரை நடந்தேன். அப்போதுதான் செருப்புச் சத்தம் கேட்டது. தேய்த்துத் தேய்த்து நடக்கிற அதே நடை.

"கள்ளி! வை பெட்டியை!"

நடந்தேன்.

"எண்பது வயசில என்னை ஓடவைக்கிறியோ? ஆருக்கு நோ எண்டாவது சொல்லடி!"

பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முகம் அவருக்குத் தெரியாததால் இரண்டையும் வரவிட்டேன். ரோட்டில் நின்ற ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்தேன். மிஸி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் ஏறினார். பின்னாலேயே செல்வி, "அம்மா, மாத்துச் சீலை! அம்மா, கண்ணுக்கு விடுற மருந்து!" என்று ஒரு பையோடு ஓடிவந்தாள்.

வாசலை மிதிக்கும் வரை பேச முடியாது. அன்றைக்கு மூன்று பஸ்ஸிலும் நான் ஊமை. ஜெயங்கொண்டத்தில் கண்டக்டர், "எங்க பாட்டி போவணும்?" என்று என்னைக் கேட்டார். மிஸியைக் கை காட்டினேன்.

"ரெண்டு அரியலூர் குடு தம்பி. அவவுக்கு வாய் இல்லை."

"ஐயோ பாவம். பொறந்ததுலேருந்தா?"

"மத்தியானத்தில இருந்து" என்றார் மிஸி.

மூன்றரை மணி இருக்கும். வி.கைகாட்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். ஜன்னலோரம் ஒரு இளம் தாய், மடியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை முறுக்கு தின்றுகொண்டிருந்தது. தூரத்தில் சங்கு ஊதியது. அதை நாங்கள் கவனிக்கவில்லை. பிறகு இடி மாதிரி ஒரு சத்தம், பஸ் கண்ணாடி எல்லாம் நடுங்கியது.

நான் எப்போது கீழே விழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. இரண்டு சீட்டுக்கு நடுவில் குப்புறக் கிடந்தேன். என் பிடரியில் மிஸியின் கை. எனக்கும் அவருக்கும் நடுவில் அந்தக் குழந்தை, முறுக்கோடு. தாயின் மடியிலிருந்து மிஸி எப்படிப் பிடுங்கினார் என்று பஸ்ஸில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"யம்மா, எம்புள்ள!" என்று அந்தப் பெண் அலறினாள்.

"ஒண்ணுமில்ல பாட்டி, கல்லுக்குழில வெடி வைக்கிறாங்க. தெனமும் நடக்குறதுதான். எந்திரிங்க, எந்திரிங்க" என்று கண்டக்டர் ஓடிவந்தார். சிலர் சிரித்தார்கள். ஒரு பெரியவர், "சிரிக்காதீங்கடா, அவங்க பேச்சக் கேட்டீங்களா? சண்டைலேருந்து வந்தவுங்க" என்றார். சிரிப்பு நின்றுபோனது. குழந்தை மட்டும் இது நல்ல விளையாட்டு என்று மிஸியின் மூக்கைப் பிடித்தது. அந்தத் தாய் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தானே தூக்கி மிஸியின் மடியில் வைத்தாள். "கொஞ்ச நேரம் வச்சிக்கங்க ஆயா" என்றாள்.

அரியலூர் வரை குழந்தை மிஸியின் மடியில் தூங்கியது. மிஸி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். என்னிடமா, தனக்கா, தெரியாது.

"அண்டைக்குப் போகச் சொன்னது நான்தான். சத்தம் போட்டனான், பிறகு நீர் போம் எண்டும் சொன்னனான். நிண்டிருந்தா வள்ளத்தில இருந்த ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டியள். அது எனக்குத் தெரியாதோ?"

பிறகு ஏன் இத்தனை வருடம் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்க முடியாது.

"போகட்டும். ஆனா ஒருக்காத் திரும்பிப் பாத்திருக்கலாம், பூரணம். ஒருக்கா. நான் கரையிலதானே நிண்டனான்."

நான் வள்ளத்தில் சம்மாட்டியாரின் காலடியில்தான் இருந்தேன். அவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, தோள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடியே இருந்தார். கன்னம் நனைந்திருந்தது, அது கடல் தண்ணீர் இல்லை. திரும்பியிருந்தால் வள்ளமும் திரும்பியிருக்கும். இதைச் சொல்ல வாய் வரை வந்தது. பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஐந்தரை மணிக்குப் பெரம்பலூர். முகாம் வாசலில் மிஸி ஒரு நிமிடம் நின்றார். நான் பெட்டியோடு முன்னால் போனேன். வீடு வீடாக ஆட்கள் வெளியே வந்தார்கள். பெட்டியைப் பார்த்ததும் பழைய ஆட்களுக்குப் புரிந்துவிட்டது. சம்மாட்டியாரின் வாசலை மிதித்து, பெட்டியைக் கீழே வைத்தேன்.

"வந்திட்டம்" என்றேன். பெட்டியைத் தூக்கிய பிறகு வந்த முதல் சொல்.

அவர் வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக் கிடந்தார். முதுகு மட்டும் அசைந்தது. மிஸி கட்டிலருகே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காலை மடியில் எடுத்து வைத்து, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ரெண்டு விரல்" என்றார். "ரெண்டு விரலுக்கோ இவ்வளவு ஆர்ப்பாட்டம்? நான் காலே போன எத்தினை பேரைப் பாத்தவள்."

காலை மெல்லக் கட்டிலில் இறக்கி வைத்தார்.

"சம்மாட்டியார், இஞ்சால திரும்பும்."

பிறகு அந்த மனுசன் கட்டில் விளிம்பைப் பிடித்து, மெல்ல மெல்ல, முழு உடம்பையும் எங்கள் பக்கம் திருப்பினார். துண்டு வாயில் இருந்தது.

இரண்டு பேரும் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு இருந்தார்கள் என்று எழுதமாட்டேன். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அடுப்படியில் சம்மாட்டியாரின் மருமகள் மீன் குழம்பு இறக்கிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் மீன் வண்டி வரும். இத்தனை வருடமும் சம்மாட்டியார் மீன் வாங்கினால் முதலில் ஒன்றைத் தனியே எடுத்துவைத்து, முகாமில் பிள்ளை பெற்றவள் யாராவது இருந்தால் கொடுத்துவிடுவார். தர்மம் என்று எல்லாரும் நினைத்தார்கள். அறைக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது, கொஞ்சம் உடைந்து.

"பிள்ளை, மிஸி பங்கை எடுத்து வை."

"முள்ளெடுத்துப்போட்டுத் தரச் சொல்லும்" என்றது மிஸியின் குரல். "எனக்கு ஒரு கண்தான்."

திங்கட்கிழமை விரல்களை எடுத்தார்கள். மிஸி வெளியே பெஞ்சில் இருந்தார், மடியில் பெட்டி. அங்கிருந்த நர்ஸ் பிள்ளைகள், "நீங்க யாரு பாட்டி, சம்சாரமா?" என்று கேட்க, "மேலதிகாரி" என்றார். காயம் நன்றாக ஆறுகிறது. இதை வாசிக்கிற யாரும் இனி அதைக் கேட்டுப் போன் எடுக்க வேண்டாம், வேறு விசயம் பேச எடுங்கள்.

வியாழக்கிழமை கொளஞ்சி காரோடு வருகிறேன் என்றார். மிஸி பஸ்ஸில்தான் போவேன் என்றார். நான் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். காலை வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. திருச்சி, சென்னை என்று கத்திக் கத்தி ஆள் ஏற்றினார்கள். எங்கள் ஊரில் வழியனுப்புவது கரையில். வள்ளம் சின்னதாகிச் சின்னதாகி மறைகிற வரை நின்றுகொண்டே இருக்கலாம், அதனால் துக்கம் அதிகம். இங்கே பஸ் வளைவில் திரும்பினால் முடிந்தது. உள்ளே இருக்கிறவர் ஜன்னலில் தலையை நீட்டித் திரும்பிப் பார்க்கவும் முடியும். வழியனுப்ப இந்த ஊர் நல்ல ஊர் என்று அன்றுதான் தோன்றியது.

அரியலூர் பஸ் வந்து நின்றது. மிஸி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப நீ பேசலாம். உண்மையைச் சொல்லு, பூரணம். அவர் என்னைக் கூப்பிட்டவரோ?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். குனிந்து பெட்டியைத் தூக்கினேன். வாய் திறக்காமல் பஸ்ஸைப் பார்த்து நடந்தேன். பின்னால் தேய்த்துத் தேய்த்து அந்த நடை வந்தது, சிரிப்போடு.

எழுதியாகிவிட்டது. தர்சினி, இங்கே வா பிள்ளை. முதலிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு, விட்டது ஏதும் இருக்கிறதா பார்ப்போம். வெள்ளிக்கிழமை சம்மாட்டியார் என்னைக் கூப்பிட்டுச் சொன்ன இடம் வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்து. கனடாவுக்குத் தெரிந்தால் பரவாயில்லை. அவர் அடுத்த வீட்டில்தான் இருக்கிறார், காதில் ஒரு குறையும் இல்லை.